துக்க நாட்களுக்குப் பிறகு சந்தோஷப்படலாமா?



இந்த இதழில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க வாஞ்சிக்கிறேன். இது பிரசங்க பீடத்தில் அதிகமாய்ப் பேசப்படுகிற கேள்வி அல்ல. ஆனால் நம்முடைய சபையில் எத்தனையோ வீடுகளில், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மனசுக்குள் ஓடுகிற கேள்வி. பெற்றோரை வருஷக்கணக்காய் வீட்டிலேயே வைத்துப் பார்த்து, அவர்களைக் கர்த்தரிடத்தில் அனுப்பி வைத்த பிறகு, முன்பு ஆசையாய்ச் செய்துவந்த சின்னச் சின்னக் காரியங்களுக்கு நாம் திரும்பலாமா? திரும்பினால் அது போனவர்களுக்குச் செய்கிற துரோகமா?

ஒரு சகோதரி இதை என்னிடத்தில் கேட்டார்கள். அவர்களுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். மறதி நோயில் விழுந்த தகப்பனாரை ஆறு வருஷம் தனியாய்ப் பார்த்தவர்கள். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு மகளையே அடையாளம் தெரியவில்லை. தன்னுடைய தங்கச்சி பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இவர்களும் அந்தப் பேருக்கே "என்ன அண்ணாச்சி" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். முன்பெல்லாம் இவர்கள் எம்பிராய்டரி பூவேலை அருமையாய்ச் செய்வார்கள். அந்த ஆறு வருஷமும் பூவேலை வளையம் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது.

"பாஸ்டர், போன வாரம் அதை எடுத்துத் துடைச்சுத் துணியை மாட்டினேன். அரை மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம், அப்பா போயி நாலு மாசம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள உனக்குப் பூவேலை கேக்குதோன்னு எனக்குள்ளயே ஒரு சத்தம். பழையபடி மேலயே வச்சிட்டேன். நான் சந்தோஷப்படுறது பாவமா?" என்று கேட்டார்கள்.

இதற்கு "பாவமில்லம்மா, ஜெபிச்சுக்கிட்டுப் போங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வியின் ஆழம் அதில் அடங்காது. மரித்தவர்களுக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம், எவ்வளவு நாள் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் இதன் உள்ளான கேள்வி.

பணிவிடை செய்த கை

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என்னுடைய தாயார் பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருஷம் கட்டிலில் இருந்தார்கள். படுக்கைப் புண் வரக் கூடாது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை போட்டாலும் புரட்டாமல் முடியாது. கஞ்சி கொடுக்கிறதென்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கின பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும், அது நெஞ்சுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். துணி மாற்ற வேண்டும், ஈரத் துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும். பகலில் நான் கடைக்குக் கணக்கு எழுதப் போய்விடுவேன், என் மனைவி பார்ப்பாள். ராத்திரி என் முறை. ஏதாவது வேண்டுமானால் அம்மா ஒரு ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள்.

அம்மா மகிமைக்குள் பிரவேசித்த பிறகு வீட்டில் வேலை ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் எனக்குத் தானாய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். புரட்டுவதற்கு ஆள் இல்லை. "ஸ்பூன் சத்தம் கேட்டுச்சாங்க?" என்று அவளும் எழுந்து உட்காருவாள்.

பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்குத் துக்கம் மனதில் இருக்கிறது. பணிவிடை செய்தவர்களுக்கோ அது கையிலும் இருக்கிறது. வருஷக்கணக்காய் ஒரே வேலையைச் செய்துவந்த கை, திடீரென்று வேலையில்லாமல் மடியில் கிடக்கிறது. அந்தக் கை எதையாவது தேடும். ஊசியைத் தேடும், மண்வெட்டியைத் தேடும், கேரம் காயைத் தேடும். தேடுகிற கையைக் குற்றவாளியாக்க எனக்கு மனதில்லை.

வெளியே சொல்லாத ஒரு காரியம்

இன்னொன்றும் இருக்கிறது. போனவர்கள் போன அன்றைக்கு, அழுகையின் அடியிலே, "அப்பாடா" என்று ஒரு மூச்சு வரும். அதை வெளியே சொல்ல எவருக்கும் தைரியம் வராது. "எங்கம்மா செத்ததுல எனக்கு நிம்மதியா? நான் மனுஷனா?" என்று உள்ளுக்குள் குமைவார்கள். பிறகு அந்தக் குற்ற உணர்ச்சிதான் எந்தச் சந்தோஷத்தையும் தொடவிடாமல் தடுக்கிறது.

2003-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துவந்த 217 குடும்பத்தாரைக் குறித்த ஆய்வு அது. நோயாளி மரித்த பிறகு, அந்த மரணம் தங்களுக்கு ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது என்று அவர்களில் 72 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்! நோயாளிக்கும் அது விடுதலை என்று நினைத்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அத்தனை பேரும் அன்பில்லாதவர்களா? இல்லை. அன்பு இருந்தபடியால்தான் அவ்வளவு காலம் தூக்கமில்லாமல் பார்த்தார்கள். வேதனை முடிந்தது என்பதில்தான் அவர்களுக்கு நிம்மதி, தாய் முடிந்தாள் என்பதில் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதபடியால் எத்தனையோ நல்ல பிள்ளைகள் தங்களைத் தாங்களே நியாயந்தீர்த்துக்கொள்ளுகிறார்கள்.

வேதம் நாட்களை எண்ணுகிற விதம்

நம்முடைய ஊரில் பதினாறாம் நாள், முப்பதாம் நாள், நாற்பத்தொன்றாம் நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்த வருஷம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. விசுவாசிகள் வீட்டிலும் இது உண்டு. வேதத்திலும் நாட்கள் உண்டு. யாக்கோபுக்காக எகிப்தியர் எழுபது நாள் துக்கங்கொண்டாடினார்கள் (ஆதி. 50:3). அதன்பின்பு கானானுக்குப் போகும் வழியில் யோசேப்பு தன் தகப்பனுக்காக ஏழு நாள் புலம்பினான் (50:10). ஆரோனுக்கு முப்பது நாள், மோசேக்கு முப்பது நாள் (எண். 20:29, உபா. 34:8). துக்கமே கூடாது என்று வேதம் எல்லாருக்கும் பொதுவாய்க் கட்டளையிடவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 தெச. 4:13). துக்கத்துக்கு ஒரு இடம் உண்டு, அந்த இடத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. யோசேப்பு அடக்கம் பண்ணினான், எகிப்துக்குத் திரும்பினான், தன் வேலையைப் பார்த்தான்.

ஆனாலும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஈசாக்கைப் பாருங்கள். சாராள் 127 வயதில் மரித்தபோது ஈசாக்குக்கு 37 வயது. ரெபெக்காளை விவாகம்பண்ணினபோது 40 வயது. தன் தாய்க்காகக் கொண்டிருந்த துக்கத்துக்கு அப்போதுதான் அவனுக்கு ஆறுதல் கிடைத்தது என்று வேதம் சொல்லுகிறது (ஆதி. 24:67). நடுவில் மூன்று வருஷம்! ஒருவன் ஏழு நாளில் எழுந்தான், மற்றவனுக்கு மூன்று வருஷம் ஆனது. இரண்டு பேரையும் தேவன் கடிந்துகொள்ளவில்லை. ரெபெக்காள் வந்த அந்தச் சாயங்காலத்தில் ஈசாக்கு எங்கே இருந்தான்? வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. தியானிக்கும்படி வயல்வெளிக்குப் போயிருந்தான். ஆறுதல் வந்தபோது அவன் வெளியே காற்றாட நடந்துகொண்டிருந்தான் என்பதை நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

இதற்கு மாறாக யாக்கோபு. யோசேப்பின் இரத்தக் கறைபட்ட அங்கியைக் கண்டபோது, ஆறுதலுக்கு இடங்கொடாமல், சாகிறவரைக்கும் துக்கிப்பேன் என்று சொல்லிவிட்டான் (ஆதி. 37:35). யோசேப்பு விற்கப்பட்டபோது 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. செழிப்பின் ஏழு வருஷம், பஞ்சத்தில் இரண்டு வருஷம், ஆக 39 வயதில்தான் தகப்பனைக் கண்டான். யாக்கோபின் துக்கம் 22 வருஷம். அந்த 22 வருஷமும் மற்றப் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள். துக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுவதுதான் அன்புக்கு அத்தாட்சி என்று நினைக்கிறவர்கள், அந்த வீட்டில் நின்ற மற்றவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

கடன் எப்போது தீர்ந்தது?

தாவீது ராஜா பிள்ளை வியாதியாய் இருந்தபோது ஏழு நாள் உபவாசித்துத் தரையிலே கிடந்தான். பிள்ளை மரித்தது என்று கேள்விப்பட்டதும் எழுந்தான், குளித்தான், வஸ்திரம் மாற்றினான், தேவாலயத்துக்குப் போய்ப் பணிந்தான், பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ஊழியக்காரருக்கு ஒரே ஆச்சரியம் (2 சாமு. 12). இதைக் காட்டி, "தாவீது மாதிரி உடனே எழும்பு" என்று துக்கத்தில் இருக்கிறவர்களை விரட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. நான் இதிலே காண்பது வேறொன்று. செய்ய வேண்டியதையெல்லாம் அவன் பிள்ளை உயிரோடிருக்கும்போதே செய்து முடித்தான்.

பிரியமானவர்களே, நாம் மரித்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றால், அந்தக் கடனைத் தீர்க்கும் காலம் அவர்கள் உயிரோடிருந்த காலம்தான். காணிக்கை என்று சாக்குச் சொல்லித் தாய் தகப்பனைக் கவனியாமல் விட்டவர்களை இயேசு கடுமையாய்க் கண்டித்தார் (மாற்கு 7). பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யப் பிள்ளைகள் முதலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோ. 5:4). இரண்டும் உயிரோடிருக்கிற பெற்றோரைக் குறித்த வார்த்தைகள். ஆறு வருஷம் மலஜலம் எடுத்த பிள்ளை, கஞ்சி ஊட்டின பிள்ளை, அந்தக் கடனைச் சரீரத்தால் கட்டித் தீர்த்துவிட்டது. இனிமேல் கண்ணீரில் மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும் என்று தேவன் எங்கே கேட்டார்? நாம்தான் கேட்கிறோம். சிலவேளை, அந்த ஆறு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வந்து விழித்திருக்காதவர்களே கேட்கிறோம்.

"அந்த நேரத்தில் ஊழியம் செய்யலாமே?"

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, "பொழுதுபோக்கு என்பதே உலகம், அது மாம்சத்தின் காரியம்" என்பார்கள். எல்லாப் பொழுதுபோக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது வீட்டு அரிசிக் காசைத் தின்கிறதா? நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று வீட்டாரிடம் மறைக்காமல் சொல்ல முடியுமா? இதைச் செய்துவிட்டு எழுந்திருக்கும்போது, போனவர்களை ஸ்தோத்திரத்தோடு நினைக்க முடிகிறதா, அல்லது நினைக்காமல் இருப்பதற்காகவே இதில் போய் விழுகிறேனா? சாராயம் மறக்கடிக்கும். பூவேலை மறக்கடிக்காது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் நம்முடைய வட்டாரத்திலேயே பிறக்கிறது. "இப்பதான் ஃப்ரீயாயிட்டீங்களே சிஸ்டர், ஞாயிறு பள்ளி எடுங்க, உபவாச ஜெபத்துக்குச் சமையல் பாருங்க." நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருஷம் ஒரு நிமிஷம்கூடத் தனக்கென்று இல்லாமல் ஒருவருக்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு, எவருக்கும் தேவைப்படாத ஒரு சாயங்காலம் வேண்டும். யோவான்ஸ்நானனை அவனுடைய சீஷர்கள் அடக்கம்பண்ணினதைச் சொன்ன உடனே, வனாந்தரமான இடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறும்படி இயேசு தம்முடைய அப்போஸ்தலரை அழைத்ததை மாற்கு எழுதுகிறார் (மாற்கு 6:29-31). ஜனங்கள் விடவில்லை, பின்தொடர்ந்து வந்துவிட்டார்கள், அவர்களுக்கு அவர் இரங்கினார், அது உண்மை. ஆனாலும் இளைப்பாறுங்கள் என்று சொன்னது அவர்தான். பின்தொடர்ந்து வந்த ஜனக்கூட்டமாய் நம்முடைய சபை இருக்க வேண்டாம்.

உயிர்த்தெழுதலுக்குப் பிறகு பேதுரு மீன் பிடிக்கப் போனதை, பின்வாங்கிப் போனான் என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. அது அவனுடைய தொழில், பொழுதுபோக்கு அல்ல, தெரியும். ஆனால் கரையில் நின்ற கர்த்தர் "ஏன் வலையை எடுத்தாய்" என்று கேட்டதாக எழுதியிருக்கவில்லை. கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் தயாராய் வைத்து, சாப்பிடக் கூப்பிட்டார் (யோவான் 21).

மறைந்துபோன அம்மா திரும்பக் கிடைத்தது

மீன் என்றதும் என் காரியத்தைச் சொல்லுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து தாமிரபரணியில் தூண்டில் போடுகிற ஆசை உண்டு. அம்மா விழுந்த பிறகு தூண்டில் பரணில் ஏறிவிட்டது. அவர்கள் போய் ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் என் மனைவிதான் அதை இறக்கிக் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனதும் உடம்பு தானாய் எழுந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவைப் புரட்ட வேண்டுமே! பிறகு நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு இரண்டு கெண்டை கிடைத்தது. அதைப் பையில் போடும்போதுதான், அம்மா கெண்டை மீனில் முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டு என் தட்டில் வைத்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. நல்ல விரல்கள். சுருண்டுபோகாத விரல்கள். நான்கு வருஷமாய் எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலில் கிடந்த அம்மாவைத்தான். அடுப்படியில் நின்ற அம்மாவை, மழைக்கு முன் வறட்டி பொறுக்கின அம்மாவை, "ஆத்துல ஆழத்துக்குப் போகாதல" என்று தெருமுனை வரைக்கும் கத்தின அம்மாவை வியாதி எனக்கு மறைத்துவைத்திருந்தது. அந்த ஆற்றங்கரையில் அவர்கள் திரும்பக் கிடைத்தார்கள். அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அந்தச் சகோதரிக்கும் நான் இதைத்தான் சொன்னேன். "உங்களுக்கு முதல்முதல் பூவேலை நூல் வாங்கிக் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாதான்" என்றார்கள். "ஒன்பதாங் கிளாஸ்ல. கலர் தெரியாம எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மா, அந்த வளையத்தைக் கையில் எடுப்பது அப்பாவை விட்டுப் போவதல்ல, உங்கள் பேரைச் சரியாய்க் கூப்பிட்ட அப்பாவிடத்தில் திரும்பிப் போவது.

1999-ம் ஆண்டில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவர் துக்கத்தைக் குறித்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். துக்கப்படுகிறவன் ஒரே திசையில் நடந்து துக்கத்தைக் கடப்பதில்லை, இழப்புக்கும் அன்றாட ஜீவியத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாய் இருக்கிறான், அப்படிப் போய்வருவதே சுகமாகும் வழி என்றார்கள். கிணற்று வாளியைப்போல என்று நான் புரிந்துகொள்ளுகிறேன். கீழே போகும், மேலே வரும். கீழேயே கிடந்தாலும் பிரயோஜனமில்லை, மேலேயே தொங்கினாலும் தண்ணீர் கிடையாது. ஆகவே காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிச் சந்தோஷப்பட்டவர்கள் சாயங்காலம் அழுதால், "இது என்ன வேஷம்" என்று நினைக்காதிருங்கள்.

சிலருக்குப் பழைய ஆசை எதுவும் ருசிக்காது. அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் ஒரு வருஷம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாமல், முதல் நாளைப்போலவே துக்கம் அழுத்தினால், டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இப்படி நீடிக்கிற துக்கத்தைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. அது அவிசுவாசமல்ல. "நானும் போய்ச் சேர்ந்திடணும்" என்ற பேச்சு வந்தாலோ வருஷக் கணக்குப் பார்க்காதேயுங்கள், அன்றைக்கே அவர்களோடு கூட இருங்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

துக்க வீட்டாரின் நாட்களை நாம் எண்ண வேண்டாம். "அதுக்குள்ளயா?" என்ற ஒரு வார்த்தை ஒருவரை மறுபடி ஒரு வருஷம் வீட்டுக்குள் பூட்டிவிடும். போய் உட்காருங்கள். வியாதியைப் பற்றிக் கேட்காமல், வியாதிக்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று கேளுங்கள். பூவேலை செய்து காட்டினால், நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். கணக்குப் போடும் நேரம் உங்களுக்கு மீதியாய் இருந்தால், அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நம்முடைய சபையில் இன்றைக்கும் கட்டிலில் கிடக்கிற பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மணி நேரம் நீங்கள் போய் அந்தக் கட்டிலருகே உட்காருங்கள். புரட்டவும் ஊட்டவும் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரம் அந்த மகள் தன் செடிகளிடத்திலோ, அந்த மகன் தன் கேரம் பலகையிடத்திலோ போய் வரட்டும். அம்மா உயிரோடிருக்கும்போதே போய்ப் பழகின கால், அம்மா போன பிறகு வழி தெரியாமல் தடுமாறாது.

இந்த வாரத்திலேயே ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து, எந்த நாள், எந்த நேரம் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சகல ஆறுதலின் தேவன் தாமே உங்கள் யாவரோடும் இருப்பாராக. ஆமென்.